தண்ணீர் இன்னும் ஏறுகிறது

எங்கள் படகுத்துறையில் வந்து என் மனைவியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. சேத்தக்கா என்று கேளுங்கள், உடனே கை காட்டுவார்கள். பதினோரு வருஷமாக முழங்கால் வரை சேற்றோடு கரையேறுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. கூலிங் கிளாஸ் என்று ஒரு கைடு இருக்கிறான். மழை பெய்தாலும் கண்ணாடியைக் கழற்ற மாட்டான், அதனால் அந்தப் பெயர். அவன் ஒருநாள் சத்தமாக "சேத்தக்கா" என்று கூப்பிட்டதும் நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவள்தான் குறுக்கே வந்தாள்.

"விடுங்க. ஆத்துல இறங்குறவங்க மேலதான் சேறு ஒட்டும். அவருக்கு அந்தப் பேரு வைக்க முடியுமா?" என்றாள். கூலிங் கிளாஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நகர்ந்துவிட்டான். அதற்குப் பிறகு அந்தப் பெயர் எனக்கும் பிடித்துப்போயிற்று.

நான் மோட்டார் படகு ஓட்டுகிறவன். பத்தொன்பது வருஷ சர்வீஸ். சுற்றுலா வருகிறவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு, கயாக் என்கிற குட்டித் துடுப்புப் படகுகளை ஒரே கயிற்றில் வரிசையாகக் கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு, ஆற்றில் முக்கால் மணி நேரம் மேலே போவேன். அங்கே அலையாத்திக் காட்டுக்குள் ஒரு கால்வாய் பிரிந்து போகிறது. என் படகு அதற்குள் நுழையாது. கயாக் மட்டும் நுழையும். இரண்டு பக்கமும் மரங்கள் வேரைத் தண்ணீருக்குள் ஊன்றிக்கொண்டு, கிளைகளைத் தலைக்கு மேலே கோத்துக்கொண்டு நிற்கும். உள்ளே பட்டப்பகலிலும் பச்சை வெளிச்சம்தான். அதற்கு நாங்கள் வைத்த பெயர் குகை. கைடு முன்னால் துடுப்புப் போட, ஆட்கள் பின்னால் போய் ஒரு மணி நேரத்தில் திரும்பி வருவார்கள். அதுவரை நான் குகை வாசலில் நங்கூரம் போட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பேன்.

என் மனைவிக்குக் கொட்டகையில் வேலை. லைஃப் ஜாக்கெட்டுகளைத் துவைத்துக் காயப்போடுவது, கயாக்குகளைக் கழுவிக் கவிழ்ப்பது, துடுப்புகளை எண்ணி அடுக்குவது. அறுபது ஜாக்கெட் ஒரு நாளைக்கு. அந்த வியர்வை நாற்றத்தை முகர்ந்து பார்த்தால் தெரியும், அது என்ன லேசான வேலையா என்று. ஆனால் அவளை ஆற்றுக்கு அனுப்பியது இன்னொரு வேலை. வருகிறவர்கள் எதையாவது தொலைத்துவிட்டுப் போவார்கள். தொப்பி, ஒற்றைச் செருப்பு, தண்ணீர் பாட்டில், ஒருமுறை ஒருவருடைய பல் செட். எல்லாரும் போன பிறகு, அல்லது யாரும் வருவதற்கு முன்னால், ஒரு பழைய கயாக்கைத் தள்ளிக்கொண்டு போய் அவள் அதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வருவாள். சில நாள் என் படகின் பின்னால் கட்டிக்கொண்டு வருவாள், சில நாள் தனியாகவே துடுப்புப் போட்டுப் போய்விடுவாள். தண்ணீர் ஏறும்போதும் போவாள், இறங்கும்போதும் போவாள், வெறும் சேறாகக் கிடக்கும்போது இறங்கி நடந்தும் போவாள்.

கைடுகளுக்கு இந்த ஆற்றை ஒன்பது மணியிலிருந்து நாலு மணி வரைதான் தெரியும். எனக்குப் படகு போகிற ஆழம் உள்ள இடம் மட்டும் தெரியும். அவளுக்கு மொத்த ஆறும் தெரியும். இதை நான் ஒத்துக்கொள்வதற்குப் பல வருஷம் ஆயிற்று என்பது வேறு விஷயம்.

இனி எங்கள் துறையின் பெரிய பொய்யைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் இவள் கதை நகராது.

ஆபீஸ் சுவரில் ஓத அட்டவணை ஒன்று தொங்கும். கடல் தண்ணீர் இன்று எத்தனை மணிக்கு உச்சத்துக்கு ஏறும், எத்தனை மணிக்கு அடிமட்டத்துக்கு இறங்கும் என்று அதில் அச்சடித்திருக்கும். அதில் தப்பே கிடையாது. ஆனால் அது ஆற்று முகத்தில் இருக்கிற துறைமுகத்துக்குப் போட்ட கணக்கு. அங்கே ஏறிய தண்ணீர் வளைந்து வளைந்து குகைக்கு வந்து சேர இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். துறைமுகத்தில் பத்து மணிக்கு உச்சம் என்றால் குகையில் பன்னிரண்டு ஆகக் கால் மணி இருக்கும்போதுதான் உச்சம். சாதாரண நாட்களில் இதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓத நாட்களில்தான் வம்பு. அட்டவணையை நம்பி, தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டது என்று உள்ளே போனால், நுழையும்போது தலைக்கு மேலே இடம் இருக்கும். திரும்பும்போது இருக்காது. தண்ணீர் கயாக்கைத் தூக்கித் தூக்கிக் கிளையோடு சேர்த்து அழுத்திவிடும்.

இது எங்கள் டிரைவர்கள் எல்லாருக்கும் தெரியும். பழைய கைடுகளுக்கும் தெரியும். ஆனால் மேனேஜர் அட்டவணைப்படிதான் டிக்கெட் விற்பார். அவரிடம் போய் யார் வாயைக் கொடுப்பது? அதனால் பெரிய ஓத நாட்களில் எங்களுக்கு ஒரு வழக்கம். பாதி வழியில் இன்ஜினை நிறுத்திவிட்டு, "இன்ஜின் சூடாயிடுச்சு, ஆறட்டும்" என்போம். ஆட்களுக்குக் கொக்கு காட்டுவோம், மீன்கொத்தி காட்டுவோம். அப்படியும் நேரம் போகவில்லை என்றால் அகலமான வேறொரு கால்வாயில் விட்டு, "இதுதாங்க குகை" என்று காது குத்திவிடுவோம். பாவம் மேனேஜர், எங்கள் இன்ஜின்கள் எல்லாம் மட்டம் என்று நம்பி மாதா மாதம் பிளக் மாற்றிக்கொண்டிருந்தார்.

கைடானாலும் டிரைவரானாலும் ஒரே லைசென்ஸ் பரீட்சைதான். அதில் ஏழாவது கேள்வி இதுதான்: அட்டவணையில் உச்ச நீர் பத்து மணி என்று இருக்கும் பெரிய ஓத நாளில், ஆட்களைக் குகைக்குள் எப்போது அழைத்துப் போவீர்கள்? விடைத்தாளில் இருக்கிற பதில், பத்தரை மணி. நானும் பத்தரை என்றுதான் எழுதினேன். எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். எழுதி லைசென்ஸை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஆற்றில் இறங்கி இன்ஜினைச் சூடாக்கினோம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டேன். எனக்குப் பதிலாக வந்த டிரைவர் புதுசு, கைடும் புதுசு. எங்கள் பொய்யை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அட்டவணையில் இருந்ததை அப்படியே நம்பி, பத்தரை மணிக்கு ஒரு அம்மாவையும் அவருடைய எட்டு வயசுப் பெண்ணையும் கைடு குகைக்குள் கூட்டிப் போய்விட்டான். அந்த நேரம் இவள் வாசலில் யாருடைய தொப்பியையோ வேரிலிருந்து எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இப்போ வேணாம் தம்பி, தண்ணி இன்னும் ஏறுது" என்று சொல்லியிருக்கிறாள்.

"நீங்க ஜாக்கெட்டை எண்ணுங்கக்கா" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இவளும் பின்னாலேயே போனாள். போனபோது மூன்று பேரும் கிளைக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, எழுந்திருக்க முடியாமல், கிளையிலிருந்த எறும்பு கடிக்கக் கடிக்கக் கத்திக்கொண்டிருந்தார்களாம். இவள் வேரோரமாகத் தன் கயாக்கை நுழைத்து, அந்தப் பெண்ணின் தலைக்கும் கிளைக்கும் நடுவில் தன் கையை வைத்துக்கொண்டாள். தண்ணீர் இறங்கும் வரைக்கும் எடுக்கவில்லை. ஒன்றரை மணி நேரம். கிளை அழுத்தி அழுத்திப் புறங்கை தோல் உரிந்து வீங்கிப்போய்விட்டது. அதோடு கரைக்கு வந்து மிச்சமிருந்த ஜாக்கெட்டுகளையும் துவைத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். ஆபீஸில் புதுக் கைடின் கவனக்குறைவு என்று எழுதி விஷயத்தை மூடிவிட்டார்கள்.

எங்கள் வீடு கொட்டகைக்குப் பின்னால், ஒன்றரை அறை. ஒரு அறையில் நான் போர்வைக்குள் கிடக்கிறேன். அரை அறையில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைக்கு மருந்து போட்டபடியே சொன்னாள்.

"எனக்கு லைசென்ஸ் வேணுங்க."

காய்ச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏம்மா, உனக்கு எதுக்கு? கைடு ஆகப்போறியா?"

"ஆவேன். ஆனா அதுக்காக மட்டும் கேக்கல. இன்னிக்கு வேணாம்னு சொன்னேன், அவன் கேக்கல. ஜாக்கெட் துவைக்கிறவ சொன்னா யாரு கேப்பா? லைசென்ஸ் இருந்தா நான் போகாதேன்னு சொன்னா போகக்கூடாது. அதுக்குத்தான்."

நான் சிரித்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

பரீட்சைக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றாவது தடவையும் தவறினால் பிறகு எந்தக் காலத்திலும் எழுத முடியாது. பாதுகாப்புக் கேள்விகள் பத்து, அதில் ஒன்று தப்பினாலும் ஃபெயில். இவள் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். அரை அறையில் சோறு வேகிற நேரத்தில் உட்கார்ந்து, முதலுதவி, முடிச்சு வகை, சைகை எல்லாம் உருப்போட்டாள். முதல் தடவை ஒன்பது கேள்விக்குச் சரியாக எழுதினாள். ஏழாவது கேள்விக்கு, "ஒரு மணிக்கு மேல்" என்று எழுதினாள். ஃபெயில்.

இரண்டாவது தடவை நான் தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மறுபடியும் ஒரு மணிக்கு மேல். மறுபடியும் ஃபெயில். கூலிங் கிளாஸ் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு, "அக்காவுக்குக் கடிகாரம் பாக்கத் தெரியாது போல" என்று சிரித்தான். அன்றைக்கு நான் சட்டைக் கையை மடிக்கவில்லை. அவள்மேல் இருந்த கோபத்தில் என் முகத்திலேயே எள்ளும் கொள்ளும் வெடித்தது.

மூன்றாவது பரீட்சைக்கு முந்தின நாள் வீட்டில் பெரிய ரகளை.

"அந்த ஒரு வரியை மட்டும் அவங்க கேக்குற மாதிரி எழுதேன். உன் கையென்ன தேஞ்சா போயிடும்?"

"எழுதிட்டு?"

"எழுதிட்டு லைசென்ஸை வாங்கு. அப்புறம் உன் இஷ்டத்துக்கு ஒரு மணிக்குப் போ, ரெண்டு மணிக்குப் போ. நாங்கல்லாம் என்ன பண்றோம்?"

"நீங்கல்லாம் பத்தரைன்னு எழுதி எழுதித்தான் அந்தத் தம்பி பத்தரைக்கு உள்ளே போனான்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பது என்றால் அதுதான். நான் கோபத்தில் எங்கள் பெண்ணுக்குப் போன் போட்டேன். வெளியூரில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸிங் படிக்கிறாள். அம்மாவுக்குப் புத்தி சொல்லும்மா என்றேன். அவள் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "அப்பா, அம்மா எழுதுறதுதான் சரின்னா நீங்க ஏம்பா தப்பா எழுதினீங்க?" என்றாள். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பரீட்சை எடுக்க இந்த முறை புதிதாக ஒருவர் வந்தார். கப்பலில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ, பேச்சில் ஒரு சொல் கூடுதலாக வராது. அன்றைக்குப் பெரிய ஓத நாள். அட்டவணையில் உச்சம் சரியாகப் பத்து மணி. காலை எட்டு மணிக்கு எழுத்துப் பரீட்சை முடிந்து, விடைத்தாளைத் திறந்து பார்க்காமலே கேப்டன் தன் பையில் வைத்துக்கொண்டார். அடுத்தது ஆற்றில் செய்முறை. அவரையும் மேனேஜரையும் இவள் குகைக்குள் கூட்டிப் போய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். உத்தரவுத்தாளில், குகைக்குள் நுழையும் நேரம் பத்தரை என்று மேனேஜர் டைப் அடித்து வைத்திருந்தார். படகு ஓட்ட என்னைப் போட்டார்கள்.

மூன்று கயாக்குகளைக் கட்டி இழுத்துக்கொண்டு கிளம்பினேன். இவள் என்ன எழுதியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். எழுத்தில் போனது போகட்டும், செய்முறையிலாவது அவளைக் காப்பாற்றலாம் என்று நினைத்து, பாதி வழியில் இன்ஜினை அணைத்தேன்.

"இன்ஜின் சூடாயிடுச்சு சார். ஒரு ரெண்டு மணி நேரம் ஆறினா சரியாயிடும்."

"பாத்தீங்களா சார், போன வாரம்தான் பிளக் மாத்தினேன்" என்று மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார்.

இவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேப்டனிடம், "இன்ஜின் நல்லாத்தான் இருக்கு சார். போகலாம்" என்றாள்.

இருபத்து நாலு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவன், கட்டிய மனைவியாலேயே நடு ஆற்றில் மாட்டிக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தேன். ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தேன். இன்ஜினும் என்னைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது.

பத்து இருபத்தைந்துக்குக் குகை வாசலுக்கு வந்தோம். நங்கூரம் போட்டேன். மேனேஜர் கைக்கடிகாரத்தைத் தட்டினார். "நேரமாச்சு, கயாக்கை அவிழு."

இவள் படகு விளிம்பில் குனிந்து பக்கத்திலிருந்த வேரைப் பார்த்தாள். விரலால் தொட்டும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நின்றாள்.

"இப்போ உள்ளே போகக்கூடாது சார்."

மேனேஜருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "என்னம்மா இது? பரீட்சை எழுத வந்தவங்க பரீட்சை அதிகாரிக்குப் பாடம் எடுக்கிறீங்களா?"

கேப்டன் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "ஏன் போகக்கூடாது?"

"தண்ணி இன்னும் ஏறுது சார். இறங்குற தண்ணின்னா வேர்மேல தண்ணிக்கு மேல ஈரக்கோடு தெரியும். இங்கே பாருங்க, தண்ணிக்கு மேல வேர் காஞ்சு கிடக்கு. ஈரமே இல்ல. இப்போ போனா உள்ளே நுழைஞ்சிடலாம். திரும்பறப்போ கிளை தலையில இடிக்கும். ஒரு மணிக்கு மேலன்னா நான் கூட்டிட்டுப் போறேன்."

கேப்டன் சட்டைப்பையிலிருந்து அட்டவணையை எடுத்தார். "இதில பத்து மணின்னு போட்டிருக்கே."

"அது துறைமுகத்துக்கு சார். அங்கே சரியாத்தான் இருக்கும். இது ஆறு. இங்கே ஒன்றே முக்கால் மணி நேரம் தள்ளித்தான் வரும்."

"உத்தரவுத்தாள்ல பத்தரைன்னு இருக்கு. நீங்க மறுத்தா செய்முறையில தேர்ச்சி இல்லைன்னுதான் நான் எழுதணும். இது உங்களுக்கு மூணாவது தடவை. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"அப்படியும்?"

"அப்படியும் போகக்கூடாது சார்."

அவள் கை கயாக் கயிற்றின் முடிச்சை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தப் புறங்கையில் பழைய தழும்பு வெளிறித் தெரிந்தது.

கேப்டன் என் பக்கம் திரும்பினார். "டிரைவர், நீங்க பத்தொன்பது வருஷமா இந்த ஆத்துல ஓட்டுறீங்க. நீங்க சொல்லுங்க. தண்ணி ஏறுதா, இறங்குதா?"

இறங்குது என்றால் என் மனைவி போச்சு. ஏறுது என்றால், பிறகு நீ பரீட்சையில் என்ன எழுதினாய் என்று அடுத்த கேள்வி வரும். என் லைசென்ஸ் போகும், படகு போகும், பெண்ணுடைய படிப்பு நடுவில் நிற்கும். மேனேஜர் என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியாது சார் என்று பூசி மெழுகிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அவள் என்னைப் பார்க்கவேயில்லை. வேரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதைச் சொன்னாலும் அவள் சொன்னதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. அது புரிந்ததும் எனக்கு நிஜமாகவே அவமானமாக இருந்தது. பயத்தைவிட அது பெரிதாக இருந்தது.

"ஏறுது சார்" என்றேன். "அவ சொல்றதுதான் சரி. எங்க எல்லாருக்கும் தெரியும். நான் பரீட்சையில பத்தரைன்னுதான் எழுதினேன். பொய். எழுதின நாள்லேருந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு தடவைகூட பெரிய ஓதத்துல பத்தரைக்கு யாரையும் உள்ளே விட்டதில்ல. இன்ஜின் சூடாயிடுச்சுன்னு சொல்லி நேரத்தைக் கடத்துவேன். இந்த இன்ஜின் ஒருநாளும் சூடானதில்ல சார். தெரிஞ்சதைத் தெரிஞ்ச மாதிரி எழுதினவ இவ ஒருத்திதான். அதுக்குத்தான் ரெண்டு தடவை ஃபெயில் போட்டீங்க."

மேனேஜர் இன்ஜினைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை பிளக்குகளும் அவர் கண்முன் வந்து போயிருக்க வேண்டும்.

கேப்டன் கால்சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். குனிந்து, தண்ணீர் தொடுகிற இடத்துக்குச் சரியாக மேலே வேரைச் சுற்றிக் கட்டினார். கப்பல்காரர் முடிச்சு, பார்க்கவே அழகாக இருந்தது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

பத்து நிமிஷம் போயிற்று. நண்டு ஒன்று வேரில் மேலே மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது. கைக்குட்டையின் கீழ் ஓரம் நனைந்தது. பிறகு பாதி நனைந்தது. கடைசியில் முடிச்சும் தண்ணீருக்குள் போயிற்று.

"ஒரு மணி வரைக்கும் காத்திருப்போம்" என்றார் கேப்டன்.

இரண்டரை மணி நேரம் அந்தப் படகில் நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டு ஆகக் கால் மணி இருக்கும்போது அவள், "இப்போ நின்னுடுச்சு சார்" என்றாள். கேப்டன் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். பன்னிரண்டேகாலுக்கு வேரில் ஒரு விரல் உயரத்துக்கு ஈரக்கோடு தெரிந்தது. அதைப் பார்த்ததும் கேப்டன் முதல் தடவையாகச் சிரித்தார். நான் கொண்டுவந்திருந்த பிஸ்கட்டை எடுத்து நீட்டினேன். மேனேஜர்கூட இரண்டு எடுத்துக்கொண்டார்.

ஒரு மணி ஐந்து நிமிஷத்துக்கு அவள் கயாக்கை அவிழ்த்தாள். கேப்டனை உட்காரவைத்துப் பட்டையை இழுத்துச் சரிபார்த்தாள், மேனேஜருக்கு ஜாக்கெட் கொக்கியை மாட்டிவிட்டாள். "நான் குனியச் சொன்னா உடனே குனியணும். வேரைக் கையால பிடிக்காதீங்க, சிப்பி கிழிச்சிடும்" என்றாள். மேனேஜர் பள்ளிக்கூடப் பிள்ளை போலச் சரி என்றார். அவள் முன்னால் போக, இரண்டு பேரும் பின்னால் போனார்கள். ஒரு வளைவு திரும்பியதும் மறைந்துவிட்டார்கள்.

பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ கைடுகள் அந்த வாசலில் நுழைவதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் எழுந்து நின்று பார்த்தேன். கொட்டாவி வரவில்லை. உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. "குனிங்க சார். இன்னும் கொஞ்சம். ஆ, இப்போ நிமிரலாம்." வீட்டில் என்னிடம் பேசுகிற அதே குரல்தான். ஆனால் அதைக் கேட்டு ஒரு கப்பல் கேப்டன் குனிகிறார். தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டேன். கண்ணும் கலங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மணி நேரத்தில் மூன்று கயாக்கும் வெளியே வந்தன. யார் தலையிலும் ஒரு கீறல் கிடையாது. படகில் ஏறியதும் கேப்டன் பையைத் திறந்து விடைத்தாளை எடுத்தார். ஏழாவது கேள்வியைத் தேடி, விரல் வைத்துப் படித்தார்.

"ஒரு மணிக்கு மேல்னு எழுதியிருக்கீங்க. முந்தின ரெண்டு தடவையும்?"

"அதேதான் சார்."

அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு மேனேஜரிடம், "விடையை மாத்தணும். நான் இன்னிக்கே எழுதி அனுப்பறேன். மாத்தினா இவங்க பத்துக்குப் பத்து. பத்தரைன்னு எழுதி லைசென்ஸ் வாங்கின எல்லாரும் ஃபெயில். அத்தனை பேரும் பதினாலாம் தேதி திரும்ப வந்து எழுதணும்" என்றார்.

"எல்லாருமா சார்?" என்றார் மேனேஜர். "அதுவரைக்கும் படகு எப்படி சார் ஓட்டுறது?"

"ஓட்டுங்க. எப்போ உள்ளே போகலாம், எப்போ போகக்கூடாதுன்னு இவங்க சொல்லட்டும். பதினாலாம் தேதி வரைக்கும் இந்த ஆத்துல லைசென்ஸ் உள்ள ஆள் இவங்க ஒருத்தர்தான்."

அவள் கயாக்குகளை ஒவ்வொன்றாகக் கயிற்றில் கட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பதினாலாம் தேதிக்கு நல்லாப் படிங்க" என்று என் காதில் மட்டும் சொன்னாள்.

நாங்கள் துறைக்கு வந்தபோது மூன்று மணி. இத்தனை நேரம் ஏன் காணோம் என்று டிரைவர்கள், கைடுகள் எல்லாரும் படிக்கட்டில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். கூலிங் கிளாஸ் முன்னால் வந்து கயிற்றைப் பிடித்தான்.

"என்னண்ணே, இன்ஜின் சூடாயிடுச்சா? பரீட்சை என்னாச்சு?"

நான் இன்ஜினை அணைத்தேன். மேனேஜர் பக்கத்தில் இருக்கிறார், கேப்டன் பக்கத்தில் இருக்கிறார் என்றெல்லாம் பார்க்கவில்லை. துறையிலிருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

"அவ பாஸ்! நான் ஃபெயில்! நீயும்தான்டா!"